தங்க நங்கூரம் போட்ட பொம்மை: இது செல்சீதானா? ஆங்கிலப் பீங்கான் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஈஸ்ட்ஹாம்_வாசி:

எல்லோருக்கும் வணக்கம். பழைய நாணயம், பித்தளை விளக்கு, தபால்தலை என்று எழுதுபவர்கள் இவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் ஆங்கிலப் பீங்கான் தெரிந்தவர்களும் இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, பழைய பொருள்களைக் காரில் வைத்து விற்கும் கார் பூட் சந்தையில் ஒரு பொம்மை வாங்கினேன். ஆடு மேய்க்கும் பெண், காலடியில் ஒரு குட்டி, முதுகுப்பக்கம் பூத்த செடி, ஒரு சாண் உயரம். பீடத்தின் பின்புறம் தங்க நிறத்தில் நங்கூரம், ஒரு சென்டிமீட்டர் இருக்கும். இணையத்தில் தேடினால் தங்க நங்கூரம் என்றால் லண்டனின் பழைய செல்சீ பீங்கான் தொழிற்சாலை, 1756 முதல் 1769 வரை என்று வருகிறது. 60 பவுண்டு கொடுத்தேன். ஒரு கீறல் இல்லை, நேற்று சூளையிலிருந்து எடுத்தது போல் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அதோடு நீலப் பூப்போட்ட, விரிசல் விட்ட சாசர் ஒன்றையும் 2 பவுண்டுக்குச் சேர்த்துத் தந்தார்; அதன் அடியில் நீலத்தில் ஒரு சின்னப் பிறை. அது கிடக்கட்டும். பொம்மை செல்சீதானே?

சூளைக்கல்:

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன், இது செல்சீ இல்லை. படத்தைப் பார்த்ததும் பட்டது, நீங்கள் எழுதியதைப் படித்ததும் உறுதியானது.

முதலில் நங்கூரத்தின் அளவு. அசல் செல்சீயில் நங்கூரம் ஓர் அரிசி மணி அளவுதான் இருக்கும், அதுவும் செடிக்குப் பின்னாலோ மடிப்பிலோ ஒதுங்கி இருக்கும், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் நங்கூரம் "என்னைப் பார்" என்று கூப்பிடுகிறது. அடுத்து, நீங்கள் பெருமையாகச் சொன்ன அந்த வெளேர் வெள்ளை. செல்சீயின் உடல், அதாவது மேல்பூச்சுக்கு உள்ளே இருக்கும் பொருள், மென் பீங்கான்; கண்ணாடித்தூளும் களிமண்ணும் கலந்து குறைந்த சூட்டில் சுட்டது. அதன் மேல்பூச்சு கனமாக, கொஞ்சம் பால் நிறமாக, மடிப்புகளில் தேங்கி நிற்கும், வண்ணம் அந்தப் பூச்சுக்குள் இறங்கி நனைந்தது போலத் தெரியும். உங்கள் பொம்மையில் வண்ணம் மேலே ஒட்டி நிற்கிறது, விரலால் தடவினால் மேடு தட்டும். அது வன் பீங்கான், அதிகச் சூட்டில் சுட்டு இறுகிய வகை. பாரிஸில் 1845ல் தொடங்கிய சாம்சன் நிறுவனம் ஜெர்மனியின் மைசென், இங்கிலாந்தின் செல்சீ, டார்பி, வூஸ்டர், சீனம் என்று எல்லாவற்றுக்கும் நகல் செய்தது, பெரும்பாலும் வன் பீங்கானில். உங்களுடையது அந்த வழியில் வந்த 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பொருள் என்றுதான் நினைக்கிறேன். வேலைப்பாடு நன்றாக இருக்கிறது, வீட்டில் வையுங்கள், செல்சீ என்று மட்டும் யாருக்கும் விற்காதீர்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் எடை, பிறகு மேல்பூச்சு, பிறகு பொருள் தரையில் நிற்கும் அடி வளையம், பிறகு வெளிச்சத்தில் உடல். இவை நான்கும் ஒரே கதையைச் சொன்ன பிறகுதான் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பத்து நொடியில் யாரும் ஒரு நங்கூரம் வரைந்துவிடலாம். 1750ன் உடலை அப்படிக் கொண்டுவர முடியாது.

அப்புறம், அந்த சாசரை "கிடக்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். அதன் அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_வாசி:

மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நன்றி அண்ணா. சாசரின் படம் நாளை போடுகிறேன். அதற்குள் ஒரு கேள்வி, செல்சீக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? மற்றவர்களும் அதே காலத்தில் செய்தார்கள்தானே?

சூளைக்கல்:

ஆமாம், செய்தார்கள். ஐரோப்பாவில் பீங்கான் என்றாலே அரசன் கொடுத்த பணம். மைசென் சாக்சனி அரசனுடையது, செவ்ரெ பிரெஞ்சு அரசனுடையது. இங்கிலாந்தில் அப்படி எந்த அரசனும் பெட்டியைத் திறக்கவில்லை. வெள்ளி வேலைக்காரர், ஓவியர், மருத்துவர், மருந்துக்கடைக்காரர் என்று தனி மனிதர்கள்தான் சொந்தப் பணத்தைப் போட்டு, கலவையே தெரியாமல், சூளை சூளையாகக் கெடுத்துக் கற்றுக்கொண்டார்கள். லைம்ஹவுஸ் 1745 வாக்கில் தொடங்கி மூன்று வருடத்தில் மூடப்பட்டது. லாங்டன் ஹால் பத்து வருடம் தாண்டி 1760ல் போயிற்று. இந்தத் தோல்விகளின் சுவடு பொருள்களிலேயே தெரியும், வளைந்த விளிம்பு, கரும்புள்ளி, சூட்டில் பிளந்த அடி என்று. எனக்கு இந்தத் துறை பிடித்துப்போனதே அதனால்தான்.

செல்சீயை நடத்திய நிக்கொலாஸ் ஸ்ப்ரிமோன் லியேஜ் நகரத்திலிருந்து வந்த வெள்ளிக் கொல்லர். அதனால் தொடக்கக்கால செல்சீப் பொருள்களின் வடிவம் அப்படியே வெள்ளிப் பாத்திர வடிவம். இரண்டு ஆடுகளும் ஒரு தேனீயும் உள்ள அந்தச் சிறிய பால் குவளையில் 1745 என்று கீறியதே இருக்கிறது. முதலில் முக்கோணக் குறி, 1749 வாக்கில் மேடாக எழும்பிய நங்கூரம், 1752 முதல் சிவப்பு, 1756 முதல் தங்கம். என்னைக் கேட்டால் சிவப்பு நங்கூரக் காலம்தான் உச்சம். தங்க நங்கூரக் காலத்தில் நீலமும் பொன்னும் ஏறிக்கொண்டே போய் வெற்று இடமே இல்லாமல் போயிற்று. சிவப்பு நங்கூரத் தட்டு ஒன்றை விளக்கின் முன் பிடித்தால் உள்ளே வெளிச்சப் பொட்டுகள் தெரியும், சின்னச் சின்ன நிலாக்கள் போல; உடலுக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகள் அவை. முதன்முறை பார்த்த அன்று தட்டைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஸ்ப்ரிமோன் உடல் நலம் கெட்டு 1769ல் விற்றார், அடுத்த வருடமே டார்பியின் வில்லியம் டியூஸ்பரி வாங்கிக்கொண்டார். 1784ல் செல்சீ மூடப்பட்டது.

மீனாட்சி_தேநீர்:

ஒரு சந்தேகம் ஐயா. எங்கள் வீட்டில் சுத்த சைவம். போன் சைனா என்றால் உண்மையிலேயே எலும்பு என்று சொல்கிறார்கள், அம்மா அந்தக் கோப்பையை அடுக்களைக்குள் விடமாட்டார். பழைய ஆங்கிலப் பீங்கான் எல்லாமே எலும்புதானா?

சூளைக்கல்:

எல்லாமே இல்லை, ஆனால் அம்மா சொல்வது சரிதான் மா. போன் சைனா கலவையில் ஏறக்குறைய பாதி மாட்டெலும்பைச் சுட்டெடுத்த சாம்பல். மீதியில் ஒரு பாதி கார்ன்வால் வெண்களிமண், மறு பாதி கார்ன்வால் கல். 1790களில் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஸ்போட் குடும்பம் இந்தக் கலவையைச் செம்மைப்படுத்தியது, அதன் பிறகு இங்கிலாந்தில் மற்ற கலவைகள் மெல்ல மெல்ல ஒதுங்கிவிட்டன.

ஆனால் எலும்புச் சாம்பலை முதலில் கொண்டுவந்தது ஸ்போட் இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பே லண்டனின் போ தொழிற்சாலை அதைச் செய்துவிட்டது. போவை நடத்திய தாமஸ் ஃப்ரை 1749ல் எடுத்த காப்புரிமையில் "கன்னி மண்" என்று மூடி மறைத்துத்தான் எழுதியிருக்கிறார், அதற்குள் இருப்பது எலும்புச் சாம்பல். அதற்கு முன் கூட்டாளி ஹெய்லினும் அவரும் சேர்ந்து எடுத்த 1744 காப்புரிமையில் அமெரிக்காவின் செரோக்கி மக்கள் நிலத்து மண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்த மக்கள் அதை உனாக்கர் என்றார்களாம். ஒரு கோப்பைக்காகக் கடல் கடந்து மண் தேடியிருக்கிறார்கள்.

எலும்பு வேண்டாம் என்றால் சிவப்பு நங்கூரக் காலம் வரையிலான செல்சீ, 18ஆம் நூற்றாண்டு வூஸ்டர், காஃப்லி, தொடக்கக்கால நியூ ஹால், பிளிமத் இவற்றில் தேடலாம். தங்க நங்கூர செல்சீயில் எலும்புச் சாம்பல் உண்டு. எதுவாக இருந்தாலும் தினமும் குடிக்கப் பயன்படுத்தாதீர்கள். மென் பீங்கானின் மேல்பூச்சில் ஈயம் இருக்கும்.

ஈஸ்ட்ஹாம்_வாசி:

போ என்றால் நம் பக்கத்து போ தானா? ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போகும் வழி?

சூளைக்கல்:

அதேதான். போ பாலத்தைத் தாண்டி ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கம், லீ ஆற்றின் எசெக்ஸ் கரையில் இருந்தது தொழிற்சாலை. நியூ கேன்டன் என்று பெயர் வைத்திருந்தார்கள், "நியூ கேன்டனில் செய்தது 1750" என்று எழுதிய மைக்கூடுகள் இன்றும் உள்ளன. அங்கே வேலை செய்த தாமஸ் கிராஃப்ட் என்ற ஓவியர் 1760ல் தான் வரைந்த ஒரு கிண்ணத்தோடு 1790ல் ஒரு குறிப்பை எழுதி வைத்தார். ஒரே கூரையின் கீழ் 300 பேர் இருந்தார்கள், அதில் 90 பேர் ஓவியர்கள் என்கிறார். கிண்ணமும் குறிப்பும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து ரயிலில் போய்ப் பார்த்து வரலாம்.

மாக்கல்_மனிதர்:

இழையை இப்போதுதான் பார்த்தேன். நான் வூஸ்டர் நகரத்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், சொந்த ஊர் சேலம் பக்கம். மேலே எலும்பில்லாத வூஸ்டர் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை.

வூஸ்டரின் ரகசியம் மாக்கல். நம் வீட்டில் கல்சட்டி செய்கிறோமே, அந்த வகைக் கல்தான். கார்ன்வாலின் லிசர்ட் பகுதியில் வெட்டி எடுத்து அரைத்துப் பீங்கான் கலவையில் சேர்த்தார்கள். பிரிஸ்டலில் பெஞ்சமின் லண்ட் 1749 வாக்கில் இதைத் தொடங்கினார். 1751ல் டாக்டர் ஜான் வால், மருந்துக்கடைக்காரர் வில்லியம் டேவிஸ் உட்பட 15 பேர் பங்கு போட்டு வூஸ்டரில் தொழிற்சாலை ஆரம்பித்து, அடுத்த வருடமே பிரிஸ்டல் தொழிலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். பலன் என்ன? கொதிக்கும் தண்ணீரை ஊற்றினாலும் வூஸ்டர் தேநீர்க் குடம் வெடிக்காது. அந்தக் காலத்து மற்ற ஆங்கிலப் பீங்கான்களில் பலவும் வெந்நீர் பட்டால் பிளந்தன. கல்சட்டியில் புளிக்குழம்பு அடுப்பை அணைத்த பிறகும் கொதிப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இங்கே அருங்காட்சியகத்தில் இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

கல்சட்டி போலவேதான் வூஸ்டர் தொழிலும் நீண்ட காலம் தாக்குப்பிடித்தது. செல்சீ போயிற்று, போ 1776 வாக்கில் போயிற்று. வூஸ்டர் 1783ல் தாமஸ் ஃப்ளைட் கைக்கு மாறி, 1788ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரே வந்து பார்த்து, மறுவருடம் அரச அங்கீகாரம் பெற்று, இருநூறு வருடத்துக்கு மேல் நடந்தது. இப்போது சூளை இல்லை. அருங்காட்சியகம் இருக்கிறது. செவர்ன் தெருவில் நடக்கும்போது எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கும்.

கணக்குப்பிள்ளை:

எல்லாம் சரி, ஒரு விஷயத்தில் சூளைக்கல் ஐயாவோடு எனக்கு உடன்பாடு இல்லை. முத்திரையைக் கடைசியில் பார் என்பது 18ஆம் நூற்றாண்டுப் பொருள் கையில் கிடைப்பவர்களுக்கான அறிவுரை. நம்மில் பலர் வாங்குவது 19ஆம் நூற்றாண்டின் பின்பாதிக் கோப்பைகள், அங்கே முத்திரைதான் வழிகாட்டி. சாய்சதுரப் பதிவுக் குறி இருந்தால் அந்த வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானது. இங்கிலாந்து என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் 1891ல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க இறக்குமதிச் சட்டத்துக்குப் பிந்தியது. ராயல் வூஸ்டரில் 1892 முதல் வருடத்துக்கு ஒரு புள்ளி கூட்டிக்கொண்டே போனார்கள், புள்ளியை எண்ணினால் வருடம் வந்துவிடும். என்னிடம் இருக்கும் முப்பது கோப்பைகளுக்கும் இப்படித்தான் தேதி வைத்தேன், ஒன்றுகூடத் தவறியதில்லை.

சூளைக்கல்:

இதை மறுக்க மாட்டேன். அச்சிட்ட முத்திரைகளின் காலத்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். ஒரே ஒரு திருத்தம்: சாய்சதுரம் வடிவமைப்பு பதிவான நாளைச் சொல்கிறது, கோப்பை செய்த நாளை அல்ல. நன்றாக விற்ற வடிவத்தைப் பல வருடம் செய்துகொண்டே இருந்தார்கள்.

ஆனால் 1800க்கு முன் போனால் நிலைமையே வேறு. டார்பி மைசெனின் வாள்களை வரைந்தது. வூஸ்டரும் அதே வாள்களை வரைந்தது, சீன எழுத்து போல ஒரு சதுரத்தையும் போட்டது. வூஸ்டரின் பிறையை மற்றவர்கள் போட்டார்கள். இதெல்லாம் பிற்காலப் போலி இல்லை, அதே காலத்தில் அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகள் செய்தது. அதற்கு மேல் சாம்சன், அதற்கும் மேல் 1900 வாக்கில் பூத்ஸ் நிறுவனம் செய்த, நீல மீன்செதில் வடிவம் போட்ட வூஸ்டர் நகல். அது மண்பாண்டம், டார்ச் அடித்தால் வெளிச்சமே ஊடுருவாது, ஆனாலும் முத்திரையை மட்டும் பார்த்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

நானே பட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் ஏல இல்லத்தில் மஞ்சள் நிறத் தேநீர்க் குடம் ஒன்றை, குறையில்லை என்று எழுதியிருந்ததை நம்பி, என் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து எடுத்தேன். வீட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் மூக்கு முழுக்க வேறு நிறத்தில் மின்னியது. மூக்கே புதிதாக ஒட்டியது, மேலே வண்ணம் தெளித்து மறைத்திருந்தார்கள். பணம் திரும்பி வரவில்லை. அந்த வருத்தம் ஆற நாளாயிற்று. அன்று முதல் மறைத்து ஒட்டியதை வாங்குவதில்லை, வெளிப்படையாக உடைந்ததை வாங்குகிறேன்.

மீனாட்சி_தேநீர்:

உடைந்ததையா? அதற்கு மதிப்பு இருக்காதே.

சூளைக்கல்:

விலை இருக்காது மா, ஆனால் மதிப்பு உண்டு. முழுத் தட்டில் தெரியாததெல்லாம் உடைந்த விளிம்பில் தெரியும். மென் பீங்கான் உடைந்த இடம் பனங்கற்கண்டை உடைத்தது போல் சொரசொரப்பாக இருக்கும், வன் பீங்கான் கண்ணாடிச் சில்லு போல் வழவழப்பாக. மேல்பூச்சு எவ்வளவு கனம், உடலோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதை எந்தப் புத்தகப் படமும் காட்டாது. பழைய காலத்தில் துளையிட்டு உலோகக் கம்பியால் தைத்து ஒட்டிய தட்டுகள் வரும், அவற்றையும் விடாதீர்கள், யாரோ ஒருவர் அந்தத் தட்டை எவ்வளவு விரும்பியிருந்தால் அப்படித் தைக்கக் கொடுத்திருப்பார். விலை அடிப்படையில் பார்த்தாலும் இது நல்ல காலம். முன்பு இருந்த அளவு தேவை இப்போது இல்லை, சாதாரணக் கோப்பை சாசர்கள் முப்பது வருடத்துக்கு முந்திய விலையைவிடக் குறைவாகவே போகின்றன.

இலவசமாகக் கற்க வேண்டுமா? விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் மேல்தளத்துக்குப் போங்கள். லேடி ஷார்லட் ஷ்ரைபர் கணவரோடு ஐரோப்பா முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கிச் சேர்த்த ஆங்கிலப் பீங்கான் அங்கே இருக்கிறது, கணவர் 1884ல் இறந்ததும் அவர் நினைவாக நாட்டுக்கே கொடுத்துவிட்டார். ஆங்கிலப் பீங்கானைத் தனி ஒரு துறையாகப் பார்க்க வைத்தவர்களில் அந்த அம்மாவுக்கு முக்கிய இடம் உண்டு.

வேல்ஸ்_வேலன்:

இவ்வளவு பேசியும் நான்ட்கரு பற்றி ஒரு வார்த்தை இல்லையே! அந்த வெண்மை வேறு எங்கும் வராது.

மாக்கல்_மனிதர்:

அது வேல்ஸ் ஆயிற்றே, ஆங்கிலப் பீங்கான் என்று தலைப்பு போட்டுவிட்டு அதை உள்ளே இழுத்தால் உங்கள் ஊர்க்காரர்கள்தான் கோபப்படுவார்கள். ஆனால் செய்த பில்லிங்ஸ்லி டார்பியில் ரோஜா வரைந்து பெயர் எடுத்தவர். தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

ஈஸ்ட்ஹாம்_வாசி:

சாசரின் படங்கள் போட்டிருக்கிறேன். அடியில் பிறை என்றால் வூஸ்டர் என்று நேற்றே சந்தோஷப்பட்டுவிட்டேன். பிறகு மேலே எழுதியதைப் படித்து, முத்திரையை மறந்துவிட்டு மற்றதைப் பார்த்தேன். கைபேசி டார்ச்சை அடியில் வைத்து அறையை இருட்டாக்கினால் வைக்கோல் மஞ்சள் நிறம் தெரிகிறது. பூச்சு லேசான நீலம் கலந்தது, அங்கங்கே கரும்புள்ளி. அடி வளையத்தின் உள்பக்க மூலை வரைக்கும் பூச்சு இருக்கிறது. இது என்ன அண்ணா?

மாக்கல்_மனிதர்:

வூஸ்டர் இல்லை. வூஸ்டர் என்றால் வெளிச்சத்தில் பச்சை தட்டும், மாக்கல் உடலுக்கு அதுதான் அடையாளம். இன்னொன்று, வூஸ்டரில் அடி வளையத்துக்கு உட்புறம் பூச்சு விலகி ஒரு கோடு போல வெறும் உடல் தெரியும், பென்சிலை ஓட்டினால் அந்தக் கோட்டில் மட்டும் கரி ஒட்டும். உங்களுடையதில் அது இல்லை. காஃப்லி என்றால் இன்னும் ஆரஞ்சாக இருந்திருக்கும், அதிலும் இந்த விலகல் வரும்.

சூளைக்கல்:

நான்கு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். லோஸ்டாஃப்ட் என்று நினைக்கிறேன் தம்பி, 1780 வாக்கில். சஃபோக் கடற்கரை ஊர். 1757ல் தொடங்கி 1799 வரை நடந்தது. அவர்களுக்கென்று சொந்த முத்திரையே கிடையாது, வூஸ்டரின் பிறையைத்தான் போட்டுக்கொண்டார்கள். அரசகுடும்பத்துக்கு அல்ல, மீன்பிடிக்கும் ஊர் மக்களுக்கும் சுற்றுலா வந்தவர்களுக்கும் செய்தார்கள். "லோஸ்டாஃப்டிலிருந்து ஒரு சிறு பரிசு" என்று எழுதிய குவளைகள் உண்டு. ஊரில் குழந்தை பிறந்தால் பெயரும் பிறந்த நாளும் எழுதி வட்டமாக ஒரு பீங்கான் வில்லை செய்து கொடுத்தார்கள், வேறு எந்த ஆங்கிலத் தொழிற்சாலையும் அப்படிச் செய்யவில்லை.

இந்த ஊருக்கு நடந்த அநியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் பெயர் பெற்ற ஒரு முத்திரைக் கையேடு, சீனாவில் ஏற்றுமதிக்காகச் செய்த வன் பீங்கானையெல்லாம் லோஸ்டாஃப்ட் என்று எழுதிவிட்டது. எல்லோரும் நம்பினார்கள். 1902ல் பழைய தொழிற்சாலை இடத்தைத் தோண்டியபோது அச்சுகளும் உடைந்த துண்டுகளும் வெளியே வந்தன, எல்லாம் மென் பீங்கான். அதன் பிறகுதான் உண்மையான லோஸ்டாஃப்ட் எது என்று தெரிந்தது. அதுவரை அசல் பொருள்கள் வேறு பெயர்களில் அலமாரிகளில் கிடந்தன.

உங்கள் பேட்டைக்கும் இதில் பங்கு இருக்கிறது. லோஸ்டாஃப்டின் பங்குதாரர் ராபர்ட் பிரௌன் லண்டனுக்கு வந்து ஒரு பீங்கான் தொழிற்சாலையில் வேலைக்காரனாகச் சேர்ந்து, கலவை கலக்கும் நேரத்தில் ஒரு பீப்பாய்க்குள் ஒளிந்திருந்து பார்த்துக்கொண்டு ஊர் திரும்பினார் என்று ஒரு பழைய கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, லோஸ்டாஃப்டின் உடலிலும் போவைப் போலவே எலும்புச் சாம்பல்தான்.

மீனாட்சி_தேநீர்:

அப்படியென்றால் அதுவும் அம்மாவின் அடுக்களைக்குள் வராது. ஆனால் கண்ணாடி அலமாரிக்கு வரலாம். எனக்கும் ஒன்று தேட வேண்டும் போல் இருக்கிறது.

ஈஸ்ட்ஹாம்_வாசி:

60 பவுண்டுப் பொம்மையை விட்டுவிட்டு இரண்டு நாளாக 2 பவுண்டு சாசரையே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விரிசலில் தேநீர்க் கறை இருக்கிறது, பிளீச் போட்டுச் சுத்தம் செய்யலாமா? நேரில் உறுதி செய்ய யாரிடம் போவது?

சூளைக்கல்:

பிளீச் கூடவே கூடாது. பூச்சுக்கு அடியில் இறங்கி உடலை அரித்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், துளி சோப்பு, மென்மையான துணி போதும். சுவரில் மாட்ட ஸ்பிரிங் கம்பியும் போடாதீர்கள், அந்த இழுப்பில் விரிசல் ஓடும்.

உறுதி செய்ய லோஸ்டாஃப்டுக்கே போய் வாருங்கள். அங்கே உள்ளூர் அருங்காட்சியகத்தில் அந்த ஊர்ப் பீங்கான் நிறைய இருக்கிறது. திறந்திருக்கும் நாள் பார்த்துக்கொண்டு, லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயில் ஏறுங்கள். சாசரைப் பையில் போடாதீர்கள், பருத்தித் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.